நெய்தற் கரையில் இசை கேட்போர்

சங்கீத இரசிகர் இருவர் வழியிற் கண்டுகொண்டால், நலம் விசாரித்த பின்னர் அவர்களிடையே தவறாது எழும் வினா ஒன்றுண்டு. ‘இப்பொழுது எதைக் கேட்டு வருகிறீர்கள்?’ என்பதே அது. சென்னை மாநகரில் இதற்கு விடை கூறுதல் எளிது. 1928-ஆம் ஆண்டில் தோன்றிய சங்கீத வித்வத் சபை முதலாகச் சபைகள் பல அங்கே உண்டு. மார்கழி பிறந்தால் நாள் முழுவதும் கச்சேரி. எவர் பாடினார், எந்த இராகத்தை விரித்தார், பக்கவாத்தியம் யார் என்று சொல்லிவிட்டால் விடை முடிந்தது. யாழ்ப்பாணத்திலும் பெருந்துன்பம் இல்லை. 1931-இல் அமைந்த வட இலங்கைச் சங்கீத சபையும், 1960-இல் மருதனார்மடத்தில் எழுந்த இராமநாதன் இசைக் கல்லூரியும் அங்கே சங்கீதம் பயில்வோரையும் கேட்போரையும் ஒருங்கே வளர்த்தன. மகாராஜபுரம் சந்தானம் போன்ற பெரியார் அக்கல்லூரியின் தலைமையை ஏற்று இருந்த காலமும் உண்டு.

புத்தளம் மாவட்டத்துக் கடற்கரை இவ்விரண்டையும் போன்றதன்று. தெற்கே மகா ஓயாவின் கழிமுகத்தில் தொடங்கி, சிலாபம், உடப்பு, முந்தல் என நீண்டு, வடக்கே கற்பிட்டித் தீபகற்பத்தில் முடியும் கரை அது. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு; இடையே தென்னந்தோப்பும் உப்பளமும் மீனவர் வாடிகளும். சபைகள் மலிந்த நகரம் எதுவும் அங்கே இல்லை. ஆயினும் இரசிகர் உண்டு. அவர்களிடமும் அதே வினா எழுவதுண்டு. அவர்கள் கூறும் விடைதான் சற்றே வேறு வகையானது. அதை ஆராய்ந்தால் இசை கேட்டல் என்னும் செயலைப் பற்றியே சில உண்மைகள் புலப்படும்.

அக்கரையின் முதற் சபை கோயில் வீதியே. சிலாபத்துக்கு அண்மையிலுள்ள முன்னேசுவரம் மிகப் பழமையான திருத்தலம். கோட்டையிலிருந்து ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு அக்கோயிலுக்கு அளித்த கொடையைக் கூறும் கிரந்த எழுத்துக் கல்வெட்டு இன்றும் அங்கே உளது. பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டுப் பதினெட்டாம் நூற்றாண்டிற் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் மீண்டும் எழுந்த கோயில் அது. முன்னைநாதரும் வடிவாம்பிகையும் எழுந்தருளியுள்ள அத்தலத்தில், ஆவணி மாதத்தை ஒட்டி ஏறக்குறைய நான்கு வாரங்கள் பெருவிழா நடைபெறும். தமிழர் மட்டுமன்றிச் சிங்கள மக்களும் பெருந்தொகையாகத் திரளும் விழா அது. நாதசுரத்துக்கு மொழி வேண்டா என்பதை அவ்வீதியில் நின்றோர் அறிவர்.

கோயில் நாதசுரம் கச்சேரிச் சங்கீதம் போன்றதன்று. அதற்கு நேரமும் இடமும் உண்டு. சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி. வீதி வலம் வரும்போது இராக ஆலாபனை. காம்போதியோ, சண்முகப்பிரியாவோ, தோடியோ, கலைஞரின் மனோதர்மம் எதை நாடுகிறதோ அது. மூலைக்கு மூலை தவில். பள்ளியறைக்குச் செல்லும் வேளையில் நீலாம்பரி. விடியலிற் பூபாளம், பௌளி. ஆதலால் இவ்வீதியிற் பழகிய இரசிகனுக்கு இராகம் என்பது ஏட்டில் எழுதிய ஆரோகண அவரோகணம் அன்று. அது இரவின் ஒரு யாமம். வீதியின் ஒரு மூலை. தீவட்டியின் எண்ணெய் மணம். தென்கிழக்கு மூலையிற் கேட்ட கல்யாணி என்று அவன் கூறுவான். கேட்பவனுக்கும் அது விளங்கும்.

உடப்பிலும் இவ்வாறே. பார்த்தசாரதி, திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆடியை ஒட்டி நிகழும் விழா பதினெட்டு நாள் நீண்டு பூமிதிப்பில் நிறைவெய்தும். இவ்விரு விழாக்களும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் வருவதை ஊன்றி நோக்குதல் வேண்டும். அக்காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். கரைவலை இழுத்தல் ஓய்ந்துவிடும். மீனவர் பலர் வலையும் வாடியுமாகக் கிழக்குக் கரைக்குப் பெயர்ந்து செல்வர். எஞ்சி நிற்போர்க்கும், விழாவுக்கென மீண்டு வருவோர்க்கும் இரவில் விழித்திருந்து கேட்கும் ஓய்வு அப்பொழுதுதான் கிட்டும். சென்னையில் இசைப் பருவத்தை மார்கழி வகுத்தது. இக்கரையில் அதை வகுத்தது காற்று.

இலங்கையின் நாதசுர, தவில் மரபு வளம் மிக்கது. தமிழகத்துக் கலைஞர் பலர் கடல் கடந்து வந்து ஈழத்துக் கோயில்களில் வாசித்தனர். சிலர் நெடுங்காலம் தங்கியும் இருந்தனர். யாழ்ப்பாணத்துத் தவில் மேதை வி. தட்சணாமூர்த்தி (1933–1975) தமிழகம் சென்று அங்குள்ள பெரும் வித்துவான்களுக்கு ஈடாக வாசித்துப் புகழ் பெற்றவர். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதசுரம் இலங்கைத் தமிழ் இரசிகர்க்கெல்லாம் பழக்கமானது. இத்தகைய மரபின் நிழலில் வளர்ந்த செவி, வித்துவானின் பெயரைக் கேட்டு மயங்குவதில்லை. வாசிப்பைக் கேட்ட பின்னரே தலையசைக்கும்.

இரண்டாவது சபை வானொலி. 1925-ஆம் ஆண்டு டிசம்பரிற் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது. 1949-இல் அது இலங்கை வானொலி என்னும் தனித் திணைக்களமாயிற்று, 1967-இற் கூட்டுத்தாபனமாயிற்று. எதிர்க்கரையில் சென்னை நிலையம் 1938-லும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939-லும், திருநெல்வேலி நிலையம் 1963-லும் தோன்றின. கற்பிட்டியிலிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர்தான். இடையில் உள்ளதோ உப்புக் கடல். உலர்ந்த நிலத்தைக் காட்டிலும் உப்பு நீரின்மேல் மத்திய அலை வலிமை குன்றாது செல்லும் என்பது அறிவியல் கண்ட உண்மை. மேலும், பகலில் அவ்வலைகளை உறிஞ்சிவிடும் வான்மண்டலத்துக் கீழ் அடுக்கு கதிரவன் மறைந்ததும் கலைந்துவிடுகின்றது. அலைகள் உயர்ந்து சென்று அயனி மண்டலத்தில் மோதித் திரும்பித் தொலைவிற் சென்று விழுகின்றன. எனவே இரவுக் கச்சேரி இக்கரைக்கு இயல்பாகவே வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் இந்தியாவை நோக்கி ஒலிபரப்பும் ஆற்றல் மிக்க மத்திய அலை நிலையம் ஒன்றும் புத்தளத்தில் நிறுவப்பட்டது. கேட்கும் கரையே அனுப்பும் கரையும் ஆயிற்று.

மின்சாரம் எட்டாத ஊர்களில் வானொலிப் பெட்டி மின்கலத்தால் இயங்கிற்று. ஏரியல் கம்பியை இரு தென்னைகளுக்கு இடையே கட்டுவர். பெட்டி வைத்திருப்போர் சிலரே. ஆதலால் ஒரு பெட்டிக்குப் பலர் கூடுவர். அந்தக் கூட்டமே சபை. மின்கலம் விலையுயர்ந்த பொருள். எதைக் கேட்பது, எதை விடுவது என்பதை முன்னரே ஆய்ந்து முடிவு செய்ய வேண்டும். ஒன்றரை மணி நேரக் கச்சேரியைக் கேட்டால் மறுநாட் செய்திக்கு மின்கலம் போதாமற் போகலாம். இந்த நெருக்கடி இரசிகனுக்குத் தீமை செய்யவில்லை. குறைவாகக் கேட்டவன் நிறைய நினைத்தான்.

இங்கே வரலாற்றின் வேடிக்கை ஒன்றையும் குறிப்பிடுதல் தகும். 1952-ஆம் ஆண்டில் இந்திய ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர் சாஸ்திரீய சங்கீதத்தை வளர்க்கக் கருதித் திரைப்பாடல்களை வானொலியிற் சுருக்கினார். தேசிய சங்கீத நிகழ்ச்சி அவ்வாண்டிலேயே தொடங்கியது. 1954-இல் வானொலிச் சங்கீத சம்மேளனமும் தொடங்கியது. திரைப்பாடல் விரும்பிய இந்திய மக்களோ தங்கள் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினர். 1957-இல் விவித பாரதி தோன்றும்வரை இலங்கையின் வர்த்தக ஒலிபரப்புக்கு அங்கே நிகரில்லை. அதே நாட்களிற் புத்தளக் கரையின் சங்கீத இரசிகன் தன் பெட்டியின் முள்ளைத் திருச்சிக்குத் திருப்பிக் கீர்த்தனை கேட்டுக்கொண்டிருந்தான். ஒரே கடலின்மேல் ஒரே இரவில் திரைப்பாடல் வடக்கு நோக்கியும் தியாகராஜ கீர்த்தனம் தெற்கு நோக்கியும் பயணம் செய்தன. கேஸ்கரின் ஆணையால் இந்தியாவில் இரசிகர் பெருகினரா என்பது ஐயமே. இக்கரையிற் கேட்டோர் எவ்வாணையாலும் கேட்டவர் அல்லர்.

மூன்றாவது சபையாகிய இசைத்தட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறுதல் வேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது மூன்று நிமிடமும் சிறிதும்தான். கோயில் வீதியில் இரண்டு மணி நேரம் நீளும் தோடியை அதற்குள் அடக்குதல் கூடுமா? திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை அதைச் செய்து காட்டினார். 1898-இற் பிறந்து 1956-ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்த அம்மேதை, திமிரி நாயனத்தினும் நீண்டு தாழ்ந்த சுருதியுடைய பாரி நாயனத்தைப் பரவச் செய்தவர். இலங்கைக்கும் பலமுறை வந்து வாசித்தவர். அவருடைய தோடி இசைத்தட்டு தமிழ் வழங்கும் நாடுகளிலெல்லாம் தேயத் தேயக் கேட்கப்பட்டது. தேநீர்க் கடையில், திருமண வீட்டில், கோயில் ஒலிபெருக்கியில் என எங்கும் அது ஒலித்தது.

இத்தோடியைக் கேட்டோர் அதை ஒருவர்க்கொருவர் எவ்வாறு சொல்லிக்கொண்டனர் என்பதே கருதத் தக்கது. ‘இராஜரத்தினம் பிள்ளையின் தோடி கேட்டேன், அபாரம்’ என்று ஒருவர் சொன்னால், மற்றவர் அறிவது யாது? கேட்டவர் மகிழ்ந்தார் என்பது மட்டுமே. நல்ல இரசிகர் அவ்வளவில் விடுவதில்லை. தோடியின் உயிர் அதன் காந்தாரத்தில் உளது. அக்காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது. மேலும் கீழும் அசைந்தே தன்னைக் காட்டும். ஆர்மோனியக் கட்டையை அழுத்தி அதைப் பெற முயல்வோர் பெறுவது வேறொன்று. 1940-இல் அனைத்திந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் இக்கமகக் குறையும் ஒன்று. இனி, பஞ்சமத்தை விட்டுவிட்டு மத்திமத்திலிருந்து தைவதத்துக்குத் தாவும் பிரயோகங்கள் தோடியில் உண்டு. சட்ஜத்தையும் தொடாமல் நிஷாதத்திலிருந்து ரிஷபத்துக்குச் செல்வதும் உண்டு. நின்று இளைப்பாறுவதற்குரிய இரு தூண்களையும் நீக்கிவிட்டு இராகம் அந்தரத்தில் மிதப்பது போன்ற நிலை அது. இந்த இடத்தைக் கேட்டவர், ‘பஞ்சமத்தை எங்கே விட்டார் கவனித்தீரா?’ என்று நண்பரிடம் வினவுவார். நண்பர் கவனித்திரார். மறுமுறை தட்டு சுழலும்போது அவர் செவி அந்த இடத்துக்காகக் காத்திருக்கும். இதுவே பகிர்தல். ஒருவர் செவியின் கூர்மை மற்றவர் செவிக்குச் செல்கின்றது.

சொல் மட்டும் இதற்குப் போதாது. பாடிக் காட்டுதல் வேண்டும். குரல் கரகரப்பாய் இருந்தாலும் குற்றமில்லை. வலையின் கண்ணியைத் தைத்துக்கொண்டே அந்தப் பிடியை முணுமுணுத்தாலும் போதும். சங்கீதம் கற்றவரினும், கேட்டதைப் பாடிக் காட்ட நாணாதவரே ஊருக்கு நல்ல ஆசிரியர். நாணம் மிக்க இரசிகரால் ஊருக்குப் பயனில்லை.

தோடிக்கும் இக்கரைக்கும் இன்னொரு தொடர்பையும் புலவர் காட்டுவர். தமிழ் இலக்கண நூல்கள் ஐந்திணைக்கும் வெவ்வேறு யாழ் வகுத்தன. கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு உரியது விளரி யாழ். அத்திணையின் உரிப்பொருள் இரங்கல். பழந்தமிழ் ஏழ்பாலைகளை இன்றைய மேளங்களோடு பொருத்திய ஆய்வாளர் பலர், செம்பாலையை அரிகாம்போதியாகவும் விளரிப்பாலையைத் தோடியாகவும் கொண்டனர். அரிகாம்போதியின் தைவதத்தைக் குரலாகக் கொண்டு பண்ணுப் பெயர்த்தாற் பிறப்பது தோடியே. இசை பயின்றோர் எவரும் வீணையில் இதனைச் சோதிக்கலாம். கிழக்கிலங்கைக் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் தம் வாழ்நாளின் இறுதி ஆண்டாகிய 1947-இல் வெளியிட்ட யாழ் நூல், இத்தகைய ஆராய்ச்சிக்கு ஈழம் அளித்த பெருங்கொடை. நெய்தற் கரையோர் தோடியை விரும்பியது அவர்கள் நெய்தல் நிலத்தார் ஆதலால்தான் என்று கூறிவிட எவர்க்கும் ஆசை பிறக்கும். அந்த ஆசையை அடக்கிக்கொள்ளுதலே நன்று. அதே தோடியை மதுரையிலும் மலேயாவிலும் அதே ஆர்வத்தோடு கேட்டனர். ஆயினும் ஓயாது இரையும் கடலின் ஓரத்தில் இரவில் தோடி கேட்டவர்க்கு விளரி என்னும் பெயர் வெறும் பெயராக இராது.

இதுகாறும் கூறியது கருநாடக சங்கீதம். அக்கரையின் செவி அதனோடு நிற்பதில்லை. கோவாவிலிருந்து 1705-இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார், தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றி, 1742-இற் போலவத்தையிற் காலமானார். அவ்வூர் இம்மாவட்டத்தின் தென்பகுதியில் உளது. இயேசுவின் பாடுகளைக் கூறும் அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இராகத்தோடு ஓதப்பட்டு வந்தது. சிலாபம், நீர்கொழும்புக் கரைகளிற் கத்தோலிக்க மக்கள் ஆடிய தமிழ் நாட்டுக்கூத்தே சிங்கள நாடகம என்னும் கலைக்கு ஊற்றாயிற்று என்பர் அறிஞர். அந்த மரபின் இசையை மேடைக்கு மீட்டுத்தான் 1956-இற் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர மனமே நாடகத்தை அரங்கேற்றினார். தென்னிந்திய இராகச் சாயல் உடைய மெட்டுக்கள் சிங்களப் பாடலாய் ஒலித்ததைக் கேட்ட இக்கரையினர் சிலர், தம் வீட்டுப் பொருளை அயல் வீட்டிற் கண்டாற் போல உணர்ந்திருத்தல் கூடும்.

புத்தளமும் கற்பிட்டியும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் நிறைந்த ஊர்கள். 1990-ஆம் ஆண்டு அக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும் பகுதியினரும் இக்கரையிலேயே வந்து தங்கினர். உடைமைகளை விட்டு வந்தவர்களும் பாட்டை விட்டு வருவதில்லை. நாகூர் ஈ. எம். ஹனீபாவின் குரல் அவர்தம் இல்லங்களிற் பழகியது. அவர் பாடிய மெட்டுக்களுள் இராகச் சாயல் தெளிவாகப் புலப்படுபவை உண்டு. ஷேக் சின்ன மௌலானாவின் (1924–1999) நாதசுரமோ எவ்வகை வேலியையும் அறியாதது. ஆந்திர நாட்டிற் பிறந்து, திருவரங்கத்தில் வாழ்ந்து, சங்கீத கலாநிதி என்னும் விருதும் பெற்ற முஸ்லிம் பெருமகனார் அவர். முன்னேசுவர வீதியில் நின்று பழகிய செவியும் புத்தளம் கடைத்தெருவில் வளர்ந்த செவியும் அவருடைய வாசிப்பில் ஒன்றையே கேட்டன.

அம்பாப் பாட்டை இவற்றோடு சேர்த்து எண்ணலாமா? உடப்பு மீனவர் கரைவலையை இழுக்கும்போது ஒருவர் முன்னே பாட மற்றவர் பின்னே ஒலிக்கும் பாட்டு அது. வலையின் பாரத்துக்கு ஏற்ப அதன் காலம் மாறும். வலை கடலின் நடுவே இருக்கும்போது விளம்பம். மடி கரையை அண்மும்போது துரிதம். சாஸ்திரீய இரசிகர் சிலர் அதைப் பாமரப் பாட்டு என ஒதுக்குவர். லயம் என்பது யாது என்று பல ஆண்டு கற்றும் அறியாதவர், இருபது பேரின் தோள்களும் ஒரே நொடியிற் பின்சாயும் அந்த இடத்தைக் காணுதல் நன்று. தவிலின் தீர்மானத்தில் தலையசைக்கும் உடப்பு இரசிகன் அத்தலையசைப்பைச் சபையிற் கற்றானல்லன், வலைக்கயிற்றிற் கற்றான்.

இனி இக்காலத்துக்கு வருதல் வேண்டும். ஒலிநாடாப் பேழைகள் பரவியபோது கேட்டல் எளிதாயிற்று. கொழும்பிலிருந்து வருபவர் கொணர்ந்த ஒரு பேழை பத்து வீடுகளுக்குச் சென்று, படியெடுக்கப்பட்டு, இரைச்சல் மிகுந்து திரும்பி வந்தது. போர்க்காலத்தில் வடக்குக்கும் இக்கரைக்கும் இடையே போக்குவரத்து அரிதாகிக் கலைஞர் வருகை தடைப்பட்டது. அப்பொழுது செவிக்கு உணவு அளித்தவை பேழையும் வானொலியுமே. இன்றோ கைப்பேசி ஒன்று கையில் இருந்தாற் போதும். திருச்சி நிலையத்தை இணைய வழியாக அலையிரைச்சலின்றிக் கேட்கலாம். இராஜரத்தினம் பிள்ளையின் தோடியும், காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பும் தேடிய மாத்திரத்தில் வந்து நிற்கின்றன. முன்னர் ஒரு தட்டுக்காகப் பல மைல் நடந்தவர்க்கு இது வரமே. இதனைக் குறை கூறுவோர் நன்றி மறந்தவர் ஆவர்.

ஆனால் மாற்றம் ஒன்று நேர்ந்துளது. ‘எதைக் கேட்டு வருகிறீர்கள்?’ என்று வினவினால், இன்று பலர் விடை கூறுவதில்லை, அனுப்பிவிடுகின்றனர். ஒரு விரலின் அசைவில் முழுக் கச்சேரியும் நண்பர் கைப்பேசிக்குச் சென்றுவிடுகின்றது. பெற்றவர் நன்றி கூறுகின்றார். கேட்டாரா என்பது தெரியாது. அனுப்பியவரும் எந்த இடத்துக்காக அனுப்பினார் என்று சொல்வதில்லை. பொருள் கைமாறுகின்றது, செவி கைமாறவில்லை. முன்னர் பொருளின்றியே செவி கைமாறிற்று. இரண்டும் சேர்ந்து நிகழ்வதற்குத் தடை யாதும் இல்லை. அனுப்பும் பதிவோடு ‘பன்னிரண்டாம் நிமிடத்தில் நிஷாதத்தைக் கவனிக்க’ என்று ஒரு வரி எழுதினாற் போதும். அவ்வாறு எழுதுவோர் சிலர் உளர். அவர்களிடமிருந்து வருவது ஒன்றாயினும் கேட்கத் தோன்றும்.

இஃது இரசிகர் இன்பத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. கலைஞர் பிழைப்பைப் பற்றியதும் ஆகும். நாதசுரக்காரர் வீதியில் வாசிக்கும்போது அவர் கண் கூட்டத்தின்மேல் இருக்கும். எதிரே பத்துப் பேர் நின்று கேட்பாராயின், அவர் அந்த மூலையில் நின்று இராகத்தை விரிப்பார். தவிற்காரர் உற்சாகம் கொள்வார். சுவாமியும் சற்றே காத்திருப்பார். ஒருவரும் நில்லாத மூலையில் இரண்டு பிடி வாசித்துவிட்டு மேளம் நகரும். அதில் வியப்பில்லை. கேட்பாரின்றி வாசிக்கும் கலைஞனின் மகன் அக்கலையைக் கற்க விரும்புவதில்லை என்பதிலும் வியப்பில்லை. இதற்கிடையே, நித்திய பூசைக்கு மேளக்காரர் வேண்டா என்று கருதிப் பல ஊர்க் கோயில்களில் மின்விசையால் அடிக்கும் மணியும் முரசும் அமைக்கப்பட்டுள்ளன. பொத்தானை அழுத்தினால் முரசும் மணியும் ஒருங்கே முழங்குகின்றன. அவ்வியந்திரம் தாளம் தவறுவதில்லை என்பது உண்மையே. ஆனால் அதனிடம் எவரும் தோடி கேட்க முடியாது. விழா நாளிலோ வேறொரு துன்பம். வீதியில் மெய்யான நாதசுரம் ஒலிக்கும்போதே, பந்தலின் ஒலிபெருக்கி திரைப்பாடலை முழக்குகின்றது. 1968-இல் வந்த தில்லானா மோகனாம்பாளில் மதுரைச் சகோதரர் சேதுராமனும் பொன்னுசாமியும் வாசித்த நாதசுரத்தைக் கேட்டு உருகியவர்களே, எதிரே நின்று வாசிப்பவரைக் கேளாது அந்த ஒலிபெருக்கியை நிறுத்தாமல் இருப்பதும் உண்டு.

ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்பவர் யார்? அதைச் சொல்லும் உரிமை கோயிற் சபையாருக்கு உண்டு. சொல்லும் எண்ணத்தை அவர்களுக்கு உண்டாக்குவோர் கேட்போரே. நால்வர் சேர்ந்து சென்று, இன்றிரவு வடக்கு வீதியில் நாதசுரத்துக்கு அரை மணி நேரம் விடுங்கள் என்று பணிவாகக் கேட்டால், மறுப்போர் அருமை. ஆனால் அந்த நால்வர் ஒருவரை ஒருவர் அறிந்திருத்தல் வேண்டும். ஒரே ஊரில், அடுத்தடுத்த வீடுகளில், இருவர் தத்தம் காதுக்குள் ஒரே கலைஞரின் சண்முகப்பிரியாவைக் கேட்டுக்கொண்டு, ஒருவர் கேட்பது மற்றவர்க்குத் தெரியாமலே வாழ்தல் இன்று இயலும். மின்கலத்துக்குக் காசு சேர்த்த காலத்தில் அது இயலாதிருந்தது.

முன்னேசுவரப் பெருவிழா தெதுறு ஓயாவில் நிகழும் தீர்த்தத்தோடு நிறைவெய்தும். ஆற்றங்கரையில் நாதசுரம் ஒலித்து ஓய்ந்ததும் மக்கள் நாலாதிசையும் கலைவர். சிலாபத்திலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் பேருந்தில், ஈர வேட்டியோடு ஏறியவர்களிடையே வழக்கு ஒன்று தொடங்கும்: ஆற்றங்கரையிற் கடைசியாக வாசித்தது தோடியா, தன்யாசியா? தன்யாசி தோடியின் மேளத்திற் பிறந்ததே. ஏறும்போது ரிஷபமும் தைவதமும் அதில் இல்லை. இல்லை என்பதை எப்படி அறிவது? ஒருவர் பாடிக் காட்டுவார். மற்றவர் மறுத்து வேறு விதமாகப் பாடிக் காட்டுவார். முன் இருக்கையில் இருக்கும் இளைஞன் காதிலிருந்த கருவியைக் கழற்றித் திரும்பிப் பார்ப்பான். பத்துளு ஓயாச் சந்தியில் உடப்பு மக்கள் இறங்கும்வரை அந்த வழக்குத் தீர்வதில்லை.